ஆறு மணிக்கு முன்னால் வெளியான ஒன்று

எங்கள் ஊருக்கு முதலில் இன்டர்நெட் கொண்டுவந்தது என் அத்தை. அந்தக் கால மோடம் கத்துவதைக் கேட்டு, உள்ளே யாரையோ அடிக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் போலீஸைக் கூப்பிட்டாராம். அத்தையே சொன்னது, பாதிதான் நம்பலாம்.

அப்புறம், பெயர் போடாமல் யாரும் எழுதலாம் என்று இணையத்தில் ஒரு பலகை தொடங்கினாள். எழுதியவரின் அடையாளம் எதையும் அவள் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளாது. நாள் முழுக்க வருவதைக் குலுக்கி, சாயங்காலம் ஆறு மணிக்கு மொத்தமாக வெளியிடும். எழுதிய நேரம் தெரிந்தால் ஆளையும் மோப்பம் பிடித்துவிடுவார்களாம். ஊர் அவளுக்கு ‘ஆறுமணி’ என்று பட்டம் கட்டியது. ‘எல்லாத்தையும் இவ முதல்ல படிக்கிறா’ என்றும் முணுமுணுத்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஹெட்மாஸ்டரைக் கிண்டலடித்து நான் எழுதிய ஒன்பதும் வெளிவந்த அன்று, எனக்கு மட்டும் சாம்பாரில் உப்பு இல்லை.

‘அவசரம்’ என்று குறித்தால் மட்டும் அவள் போனில் மணி அடிக்கும். போன மாதம் ஒரு காலை, பத்தரைக்கு அடித்தது. அப்போது அவள் சாயப் பட்டறையில் இருந்தாள். பத்தொன்பது வருஷமாக அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான்.

‘பட்டறைத் தொட்டித் தண்ணியில கெமிக்கல் கலந்துருச்சு. குடிக்காதீங்க.’

ஆறு மணி வரை வைத்திருந்தால் பட்டறையில் இருநூறு பேர் குடித்திருப்பார்கள். உடனே வெளியிட்டாள். யாரும் குடிக்கவில்லை.

மறுநாள் காலை, அத்தை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், பட்டறை மேனேஜர் வீட்டுக்கே வந்தார்.

“பத்தரைக்கு இந்த விஷயம் மூணே பேருக்குத்தான் தெரியும் மேடம். கலவை போடுற அம்மா, ஸ்டோர்காரர், மோட்டார் போடுறவர். யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா மூணு பேரையும் வீட்டுக்கு அனுப்பிருவேன்.”

அத்தையின் கையில் டம்ளர் பாதி வழியில் நின்றது. நேரம் காட்டிக் கொடுத்துவிட்டது.

“நாலு பேரு சார். எழுதுனது நான்தான்.”

“கதை விடாதீங்க. நீங்க தொட்டிய எங்க பார்த்தீங்க?”

“கேபிள் இழுக்க ஏறினேன்ல?”

“அப்படியா! மூடி என்ன கலர்?”

“மூடி ஏது சார்? தகரத்தப் போட்டு மேல செங்கல் வெச்சிருக்கீங்க. போட்டோ இருக்கு. பலகையில போடட்டுமா?”

போட்டோ இருந்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். மேனேஜர் முகம் சுண்டிப்போனது.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

அத்தை அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“யாருக்காக அத்தை வேலைய விட்ட?” என்றேன், அவர் போனதும்.

“தெரியாதுடி.”

“பொய். உனக்குத் தெரியும்.”

“போய் டீ போடு.”

அந்த வாரம் அந்த மூன்று பேரும் தனித்தனியாக வந்தார்கள், சும்மா விசாரிக்க என்று. ஒவ்வொருவர் முகத்தையும் நான் குறுகுறுவென்று பார்த்தேன். மூன்றுமே திருட்டு முழிதான். மூன்று தடவையும் அத்தை என்னை உள்ளே விரட்டினாள். கதவிடுக்கில் எட்டிப் பார்த்தால், அவர்கள் பேசி முடிக்கும்வரை அவள் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஏதோ ஒரு வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.