நான்கு ஸ்பீக்கரும் ஒரே நாளில் ஊமையான விவகாரம்

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மைத்துனர் ஞாயிறன்று என் காரை ஓட்டிச் சென்று திருப்பித் தந்தார். அன்றிலிருந்து நான்கு ஸ்பீக்கரிலும் சத்தமில்லை.

இன்று மனைவியுடன் புதுச்சேரி சாரம் பகுதியில் ஒரு கார் ஆடியோ கடைக்குச் சென்றேன்.

"நாலும் போயிடுச்சி சார். கதவுங்கள கழட்டணும்."

"நாலுமே ஒரே நாள்லயா?"

"செட்டுல எல்லாம் ஃபிரெஞ்சுல வருது, ஒண்ணும் புரியல. ஆனா ஸ்பீக்கர்தான் சார்."

ஸ்க்ரூடிரைவர் கதவைத் தொட்டபோதுதான் திரையைப் படித்தேன். கல்லூரியில் மூன்றாண்டுகள் பிரெஞ்சு படித்தவன் அதுவரை படிக்காதது என் குற்றமே. 'ஒலிபெருக்கிகள்: நிறுத்தப்பட்டுள்ளன.'

அங்கிருந்தே மைத்துனரை அழைத்தேன்.

"நான்தான் மாமா செட்ட ஃபிரெஞ்சுக்கு மாத்தி நிறுத்தனேன். அக்காதான் சொல்லிச்சி. வண்டியில ஏறுனா நியூஸ்தான் கேக்கறாரு, நான் பேசறது காதுல ஏறல, ஏதாவது பண்ணுடான்னிச்சி."

மனைவியைப் பார்த்தேன். அவள் பார்வையை விலக்கவில்லை.

"மூணு நாளா வண்டியில சத்தமே இல்ல. அப்பக்கூட ஸ்பீக்கரப் பத்திதான பேசனீங்க?"

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. அது யார்மீது இருக்க வேண்டும் என்பதை மட்டும் மணமான நண்பர்கள் கூடிப் பேசித் தெரிவிக்கவும்.