சும்மா டெஸ்ட்

"எத்தனைக்கு சேர்?"

கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலை. ஒன்பதாம் தரம், ஏ பிரிவு. நான் வினாத்தாள்களைக் கொடுத்து முடிப்பதற்குள் முன்வரிசை வாங்கிலிருந்து இந்தக் கேள்வி வந்துவிட்டது. புள்ளி கிடையாது என்றேன். அப்படியென்றால் றிப்போட்டுக்குப் போகாதா என்று அடுத்த வாங்கு கேட்டது. போகாது, பாடத்தில் எவ்வளவு ஞாபகம் இருக்கிறதென்று நீங்களே பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்றேன். வகுப்பில் பாதிப்பேர் பேனையைக் கீழே வைத்தார்கள். பின்வாங்குக்காரன் ஒருவன் பக்கத்திலிருந்தவனுக்கு விளக்கம் சொன்னான்: "டேய், இது சும்மா டெஸ்ட்டாம்."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மிஸ்மாரும் பிறகு அப்படியே சொன்னார்கள்.

கல்வி உளவியலில் முதுமாணிப் பட்டத்துக்காக நான் எடுத்துக்கொண்ட ஆய்வு அப்படியொன்றும் சிக்கலானதல்ல. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்த்தால் அது கூடுதல் காலம் மனதில் தங்கும். என் துறையில் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. பரீட்சை பிள்ளையை அளப்பதற்கு மட்டுமல்ல, பிள்ளை கற்பதற்கும் உதவும். ஆனால் அங்கே பயம் இருக்கக்கூடாது, ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுவதும் இருக்கக்கூடாது. இதை எங்கள் பிள்ளைகளிடம், எங்கள் மொழியில் செய்துபார்க்க ஆசைப்பட்டேன்.

ஏ பிரிவுக்கு வாரம் ஒருதரம் விஞ்ஞானப் பாடம் முடிந்ததும் சில கேள்விகள். வினாத்தாளை நான் திரும்ப வாங்கிக்கொள்வேன். விடைத்தாள் மட்டும், எங்கே சரி எங்கே பிழை என்ற குறிப்புகளோடு, பிள்ளையின் கைக்குப் போகும். பி பிரிவு அதே நேரத்தில் அதே பாடத்தைப் புத்தகத்தில் மீண்டும் வாசிக்கும். தவணை முடிவில் இரண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை. ஏ பிரிவின் கேள்விகள் பி பிரிவுக்குப் போகக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை. போய்விட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஆய்வும் இல்லை, பட்டமும் இல்லை.

இந்த ஆசை புத்தகத்திலிருந்து மட்டும் வந்ததல்ல. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். இன்றைக்கும் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். எழுத்து வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். என் றிப்போட் வீட்டுக்கு வரும் நாளில் மேலே இருக்கும் எழுத்தையெல்லாம் தாண்டி நேராக அடியில் இருக்கும் நிலைக்குப் போவார். "எத்தனாவது?" என்பது கேள்விகூட இல்லை, அவருக்கே அது தெரியும், என் வாயால் கேட்கவேண்டும், அவ்வளவுதான். நிலை நல்லதாக இருந்தால் அன்று வீட்டில் கதையும் சிரிப்பும். இறங்கியிருந்தால் சோற்றுக் கோப்பையின் சத்தம் மட்டும். அதே தாளில், இந்தப் பிள்ளை காரணம் கேட்டுப் படிக்கிறான் என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். அது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பரீட்சை நாள் காலைகளில் எனக்குத் தேத்தண்ணிகூட இறங்காது. நிலை இல்லாத, பயம் இல்லாத ஒரு பரீட்சையை யாராவது எனக்கு வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னாளில் பலதடவை நினைத்திருக்கிறேன்.

அந்தப் பாடசாலையின் விஞ்ஞான மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளவத்தையில் இருந்து பஸ் பிடித்து வருபவர். என் திட்டத்தைக் கேட்டு உடனே சம்மதித்தார். கேள்விகளை இருவரும் சேர்ந்து எழுதினோம். உயிர்க் கலங்களுக்குள்ளும் வெளியேயும் நீர் ஊடுருவுவதைச் சொல்லும் பிரசாரணப் பாடத்துக்கு நான் போட்ட கேள்வி எனக்கே பிடித்திருந்தது. பாடசாலை வாசலில் விற்கும் அச்சாற்றில், உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டிய மாங்காய்த் துண்டு ஏன் சுருங்கித் தண்ணீர் விடுகிறது? பிள்ளைகள் தினமும் தின்கிற சாமான். அந்தக் கேள்விக்கு மட்டும் பின்வாங்குவரை எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அன்று வீட்டுக்கு நடந்தபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த வாரமே முதல் அடி விழுந்தது. நான் குறிப்பெழுதி மிஸ்ஸிடம் கொடுத்திருந்த விடைத்தாள்களைப் புரட்டியபோது ஒவ்வொன்றின் மூலையிலும் சிவப்புப் பேனையால் இத்தனைக்கு இத்தனை என்று புள்ளி. அதற்குக் கீழே ஒரு வட்டத்துக்குள் வகுப்பில் எத்தனையாவது என்ற இலக்கம். நான் மிஸ்ஸிடம் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன்.

"நான் ஆசைப்பட்டுப் போடேல்ல தம்பி," என்றார். "தாய்மார் கேற்றில நிண்டு கேக்கினம், ஏன் மிஸ் பேப்பரைத் திருத்தேல்லயோ எண்டு. நீங்கள் பக்கத்தில எவ்வளவு வடிவா எழுதினாலும், மார்க்ஸ் இல்லாட்டி அவையளுக்கு அது திருத்தாத பேப்பர்தான்."

ஒரு பிள்ளை மார்க்ஸ் இல்லாத தாளைக் கொண்டுபோய் அடி வாங்கியிருந்தது. முட்டை எடுத்துவிட்டு மறைக்கிறாள் என்று வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் தயவுசெய்து இனிமேல் வேண்டாம் மிஸ் என்று கெஞ்சிப் பார்த்தேன். சரியென்றார். எனக்கு முன்னால் போடவில்லை. நான் போனபிறகு போட்டார் என்பது பிறகு தெரிந்தது.

இரண்டாவது அடி வாசலில் காத்திருந்தது. காவலாளி எப்போதும்போல "பொட்டக் இன்ன மல்லி", கொஞ்சம் நில்லுங்க தம்பி, என்று சிங்களத்தில் சொல்லி என்னை நிறுத்திவைத்து வருகைப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது பி பிரிவுப் பிள்ளை ஒன்றின் தாய் வந்து பிடித்துக்கொண்டார். புறக்கோட்டையில் புடவைக் கடையில் நிற்பவர். மகளைக் கூட்டிப்போவதற்காகக் கடையில் கேட்டுக்கொண்டு ஓடிவருவார்.

"எங்க புள்ளைங்கள மட்டும் ஏன் சேர் தள்ளி வச்சிட்டீங்க? ஏ கிளாஸுக்கு வாரா வாரம் டெஸ்ட். இவளக் கேட்டா புக்கு வாசிச்சோம்ங்கிறா. அத வீட்ல வாசிக்க மாட்டாளா?"

நான் நிதானமாக விளக்கினேன். இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும், அதற்காகத்தான் ஒரு பிரிவுக்கு டெஸ்ட், மற்றப் பிரிவுக்கு வாசிப்பு, எது கூடுதலாக உதவும் என்று இப்போதே சொல்ல முடியாது என்றேன். தவணைப் பரீட்சை முடிந்ததும் எல்லாக் கேள்விகளையும் பி பிரிவுக்கும் தருவேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

"எக்ஸாம் முடிஞ்ச பொறகு குடுத்து என்னா சேர் செய்றது? ஊறுகா போடுறதா?"

பக்கத்தில் நின்ற தாய்மார் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தவணைப் பரீட்சை நடந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மிஸ்ஸின் வெள்ளவத்தை வீட்டில், சாப்பாட்டு மேசையில் விடைத்தாள்களைப் பரப்பி இருவரும் திருத்தினோம். கீழே கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் தாள்கள் இலேசாக அதிர்ந்தன. பிரசாரணத்துக்கு வேறு கேள்வி போட்டிருந்தேன். பொரிப்பதற்கு முன் கத்தரிக்காய்க்கு உப்புப் பிரட்டி வைத்தால் தண்ணீர் விடுவது ஏன்? கருத்து விளங்கிய பிள்ளை மாங்காயிலிருந்து கத்தரிக்காய்க்குத் தாவும். விளங்காதது திணறும். பி பிரிவுக்கு மாங்காய்க் கேள்வியே தெரியாது.

முதலில் மிஸ்தான் நிறுத்தினார். ஒரு பி பிரிவுத் தாளை எடுத்து வாசித்தார்: "மாங்காய்த் துண்டின் கலங்களிலிருந்து நீர் வெளியேறும். ஆகவே அச்சாறு தண்ணீர் விடும்." அடுத்த தாளிலும் அதே வசனம், முற்றுப்புள்ளிகூட அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். கத்தரிக்காய் என்ற சொல்லே இல்லை.

"கத்தரிக்காய்க்குள்ள மாங்காய் வந்திட்டுது தம்பி," என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கிய மிஸ் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும்வரை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏ பிரிவுக் கட்டை இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் கொஞ்சப்பேர் அதே வசனத்தை எழுதியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு பிரிவும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. ஒரு தவணை முழுக்க நான் காவல் காத்த இடைவெளி அந்த மேசையில் இல்லை.

திங்கட்கிழமை வாசலில் அந்தத் தாயைத் தேடிப்போய்க் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. மறைக்கவேண்டிய விஷயமென்றே அவருக்குத் தோன்றவில்லை.

"நாங்க சும்மா இருக்கல சேர்," என்றார் சந்தோஷமாக.

நடந்தது இதுதான். வெள்ளவத்தையில் ஒரு ரியூஷன் வகுப்புக்கு இரண்டு பிரிவுப் பிள்ளைகளும் போகிறார்கள். ஏ பிரிவுத் தாய்மார் சும்மா டெஸ்ட் நடக்கும் நாளில் பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள்ளேயே என்ன கேட்டார்கள், நீ என்ன எழுதினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுவார்களாம். அது ரியூஷன் மாஸ்டருக்குப் போகும். அவர் ஞாயிற்றுக்கிழமை அதையே வினாத்தாளாக அடித்து, மாதிரி விடையும் எழுதி, எல்லோருக்கும் வைப்பார். நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி, அதன்படி நிலை. பி பிரிவுத் தாய்மார் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அதுவரை போகாத பிள்ளைகளையும் அங்கே சேர்த்துவிட்டார்கள். மாதிரி விடையைப் பாடமாக்காத பிள்ளைக்கு அங்கே ஏச்சு.

"உங்களாலதான் சேர் இவ சயன்ஸ்ல ஏறுனா," என்றார் அந்தத் தாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று பஸ்ஸில் நின்றபடி எனக்கு வந்த எரிச்சல் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாஸ்டர் மேல், மிஸ் மேல், தாய்மார் மேல் என்று சுற்றிவிட்டு என்னிடமே வந்தது. வாசலில் அம்மா கேட்க, பிள்ளை புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லியிருக்கிறது. நான் வகுப்புக்குள் செய்ய நினைத்ததை, என்னைவிட நன்றாக, வெயிலில் நின்றபடி அவர்கள் செய்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதையே ஒப்புவிக்கும் வசனமாக்கி, நிலை போட்டு, கத்தரிக்காயைக் கேட்டால் மாங்காயைச் சொல்லும் பிள்ளைகளாக ஆக்கிவிட்டார்கள். இதில் எது எவ்வளவு உதவியது, எது எவ்வளவு கெடுத்தது? என்னிடம் இருந்த எந்தக் கணக்காலும் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அதிபர் எழுந்து, அடுத்த தவணையிலிருந்து எல்லா வகுப்புகளுக்கும் எல்லாப் பாடத்திலும் வாராந்தப் பரீட்சை என்று அறிவித்தார். நிலை அறிவித்தல் பலகையில் போடப்படும். இந்த நல்ல யோசனையைத் தந்த பல்கலைக்கழகத் தம்பிக்கு நன்றி என்று என் பக்கம் கையைக் காட்டினார். கைதட்டல். எழுந்து நிற்கச் சொன்னார்கள், நின்றேன். வெளியே வரும்போது அந்தப் பின்வாங்குக்காரன் தூணில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"சும்மா டெஸ்ட்டுன்னுதானே சேர் சொன்னீங்க?"

 

நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் ஓர் அத்தியாயமாக எழுதி, என் மேற்பார்வையாளரான பேராசிரியருக்குக் கொடுத்தேன். ரியூஷனுக்குப் போன பிள்ளைகளைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டலாமா என்று ஒரு கணம் யோசித்ததுண்டு. கழித்தால் ஒரு வாங்கு நிறையக்கூடப் பிள்ளைகள் மிஞ்சமாட்டார்கள். சில வாரங்களில் அத்தியாயம் திரும்பி வந்தது. பக்கம் பக்கமாகப் பென்சிலால் குறிப்புகள். இந்த இடத்தில் ஏன் இப்படி முடிவுசெய்தீர், வாசலில் நடந்ததை இன்னும் விரிவாக எழுதும், அதுவும் ஆய்வுதான் என்றெல்லாம் எழுதியிருந்தார். நான் அவற்றில் ஒன்றையும் வாசிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவினேன். ஏற்றுக்கொண்டாரா இல்லையா? கடைசிப் பக்கத்தில், வேறு பாடசாலையில் இன்னுமொரு தவணை செய்து பாரும் என்று மட்டும் இருந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

அப்பா வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கட்டைக் கண்டுவிட்டார்.

"எத்தன போட்டிருக்காரு?"

"மார்க் போடலப்பா. எழுதியிருக்காரு."

"அப்ப பெயிலா?"

"இல்ல."

"பாஸா?"

"இன்னொரு தவணை செய்யச் சொல்றாரு."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.  பேராசிரியர் என்ன எழுதியிருக்கிறார் என்று ஒரு பக்கத்தையாவது வாசித்துக் காட்டியிருக்கலாம். எனக்கு அப்போது அந்தப் பொறுமை இல்லை.

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா, "பாஸாமே தம்பி, அப்பா சொன்னாரு," என்று சிரித்தார். உள்ளே போய் அப்பாவிடம் ஏன் அப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன், குரல் உயர்ந்துவிட்டது. அவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்டாங்க. என்னான்னு சொல்றது?"

புதிய தவணை தொடங்கிவிட்டது. இந்தமுறை பாடசாலை வெள்ளவத்தையில். முதலாவது வினாத்தாள் தயாராக இருக்கிறது, கேள்விகளில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மேல் மூலையில், வழக்கமாகப் புள்ளி போடும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். வாசலில் நிற்கும் ஒருவர் அந்த இடத்தைப் பார்த்ததும் தன் பிள்ளையைப் பற்றி ஏதாவது அறிந்துகொள்ளவேண்டும், எழுத்துத் தெரியாதவராக இருந்தாலும். அங்கே எதை வைப்பதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அதுவரை தாளை அச்சுக்குக் கொடுக்கவும் மனம் வரவில்லை.