கற்பூரம் காட்டிய லாரி

கூரைத் தளத்துக்குக் காங்கிரீட் போடும் நாளில் பிரியாணி போடாத கட்டடத்தை வட சென்னையில் நான் பார்த்ததில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் பொதுக்கூடம் கட்டிக்கொண்டிருந்தோம். மற்ற நாளில் உட்கார்ந்து வலை பின்னலாம், புயல் வந்தால் குப்பமே பிள்ளைகுட்டியோடு வந்து படுக்கலாம். அன்றைக்கு அங்கேயும் காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார்கள். நான் சைட் இன்ஜினியர். சின்னக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை எனக்கு ரொம்பத் தேவை. கோபமோ மூக்குக்கு மேல். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது கொஞ்சம் சிரமம்தான்.

காங்கிரீட்டைக் கலந்தே கொண்டுவரும் ரெடிமிக்ஸ் லாரி காலையில் வரவேண்டியது, வரவில்லை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால், அந்த ரோட்டில் சாமி தேரே வந்தாலும் நின்றுதான் வரவேண்டும். உச்சி வெயிலில் ஒருவழியாக வந்து சேர்ந்தது. வந்ததுதான் தாமதம், பெண்கள் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஆரத்தியும் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

நான் வழக்கம்போல ஸ்லம்ப் கோனை வைத்தேன். இரண்டு பக்கமும் திறந்த இரும்புக் கூம்பு அது. காங்கிரீட்டை நிரப்பிவிட்டுக் கூம்பைத் தூக்கினால், உள்ளே இருந்தது கொஞ்சம் அமுங்கிக் குவியலாக நிற்கவேண்டும். இது நிற்கவில்லை. கேழ்வரகுக் கூழாக ஓடியது. நான் டிரைவரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"கெட்டியாவுதேன்னு வழில தண்ணி வுட்டேன் மேடம். டிரம்முல இறுகிட்டா என் பொழப்பு இன்னா ஆவறது?"

நேரம் கடந்து இறுக ஆரம்பித்த காங்கிரீட்டில் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் பலம் போய்விடும். மேஸ்திரிக்கோ ஒரே சந்தோஷம். "சோக்கா கீது மேடம், வேலை சுளுவா முடிஞ்சிடும்" என்றார்.

முதலாளிக்குப் போன் செய்தேன். "ஊத்தச் சொல்லும்மா. ரோடு க்ளியராயிடுச்சு, அடுத்த லாரி வந்துட்டிருக்கு. டெஸ்ட்டுக்கு கியூப் அதுல எடுத்துக்கோ" என்றார்.

கியூப் என்பது லாரியில் வந்த காங்கிரீட்டை அச்சில் வார்த்து, பிறகு லேபில் நசுக்கிப் பார்க்கும் கட்டி. நல்ல லாரியில் வார்த்த கட்டி கெட்ட லாரிக்காகவும் சாட்சி சொல்லிவிடும். எங்கள் தொழிலில் இது ஊரறிந்த ரகசியம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது சார், வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். நானே வருகிறேன் என்று போனை வைத்தார். வேலை போச்சு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்குள் ஆரத்தி எடுத்த அக்கா சண்டைக்கு வந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து விற்கிறவர், அவர் குரலுக்கு மைக் வேண்டாம். "இன்னாமே, கற்பூரம் காட்டின வண்டிய திருப்பி அனுப்புறியா? குப்பத்துக்கு ஆவுமா?"

"இதை மேல ஊத்தினா ஒரு நாள் கீழ வந்துடும்க்கா. கற்பூரத்துக்கு மரியாதை குடுத்தெல்லாம் நிக்காது." பயத்திலும் கோபத்திலும் நானும் கத்தித்தான் சொன்னேன். அக்கா ஓடிக்கிடந்த கூழைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து, காங்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த சென்ட்ரிங் பலகையைப் பார்த்தார்.

வந்து சேர்ந்த முதலாளி பைக்கை நிறுத்தக்கூட இல்லை. "நீ கிளம்பும்மா. காங்கிரீட் சரியா இருக்குன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து நான் போட்டுக்கறேன். பம்பை ஆன் பண்ணுங்கப்பா."

"போடு நைனா, தாராளமா போடு" என்றார் அக்கா. "மொத புயலுக்கு நீ பொண்டாட்டி புள்ளைங்கள இட்டாந்து இதுங்கீழ படு. காலைல நீ எந்திரிச்சா, அடுத்த புயலுக்கு நாங்க வர்றோம்."

மொத்தக் குப்பமும் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தார். "சரி, இதை என்ன பண்றது?" என்று என்னைத்தான் கேட்டார்.

தரையில் கொட்டலாம் என்றேன். விரிசல் விடும், யார் தலையிலும் விழாது. சொல்லி முடிக்கவில்லை, அன்னக்கூடைகளோடு பெண்கள் வந்துவிட்டார்கள். கருவாடு காயவைக்கிற மணல் திட்டு தளமாகிவிட்டது. கற்பூரமும் வீணாகவில்லை. பிரியாணி சாப்பிட்டுவிட்டு மேலே ஏறக்கூடாது என்பது மேஸ்திரிகள் சட்டம். ஆகவே ஆட்கள் எல்லோரும் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து வாசனை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த லாரி வந்தது. கூம்பைத் தூக்கினேன். கொஞ்சம் அமுங்கிக் குவியலாக நின்றது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? ரெஜிஸ்டரையும் பேனாவையும் முதலாளியிடம் நீட்டி, "கையெழுத்து நீங்க போடறதா சொன்னீங்களே சார்" என்றேன்.

அவர் வாங்கவில்லை.

"நீயே போடும்மா. நீ போட்டாத்தான் நான் இதுங்கீழ படுக்க முடியும்."