பென்சில் விடைகள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் அக்காவுக்கு நிஜமாகவே நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். இதைச் சொன்னபோது சிவக்கவில்லை. வெளுத்திருந்தது.

கம்ப்யூட்டர் சயன்ஸ் மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு. கல்யாணம், குழந்தை என்று ஆறு வருடம் தள்ளிப்போனது. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். மாமா ஆபீசுக்கும் பாப்பா பள்ளிக்கும் போனதும் சாப்பாட்டு மேஜையில் நோட்டைப் பரப்பிவிடுவாள். இரண்டேகாலுக்குப் பாப்பாவைக் கூட்டிவரக் கிளம்ப வேண்டும். போட்டுக்கொண்டிருந்த கணக்கு பாதியில் நிற்கும்.

ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து பார்த்தால், பாதியில் விட்ட மேட்ரிக்ஸ் கணக்கு முடிந்திருந்தது. பென்சிலில். அவள் பேனாவில்தான் எழுதுவாள்.

செவ்வாய்க்கிழமை டேட்டாபேஸ் கேள்வி. இரண்டு டேபிளைச் சேர்க்க வராமல் அவள் அடித்து அடித்து வைத்திருந்த இடத்துக்குக் கீழே, மூன்றே வரியில் விடை.

மாமா மேல்தான் சந்தேகம். அவள் படிப்பதை முதலிலிருந்தே கிண்டலடித்தவர். இன்னொரு சாவியும் அவரிடம்தான்.

"மதியானம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"ஆபீஸ்ல தலை நிமிர நேரமில்ல. ஏன்?"

"என் நோட்டுல எழுதுனது யாரு?"

"எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடே தகராறு. ஆள விடு தாயே."

அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. புதன்கிழமை பொறி வைத்தாள். லாஜிக் பக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதினாள்: 'நான் வெளியே போனால் இந்த வீட்டில் யாரும் இல்லை. மெய்யா, பொய்யா?' பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பியபோது பூட்டு பூட்டியபடியே இருந்தது. நோட்டில் ஒரே சொல்.

பொய்.

வியாழன், மணி 2:15. மேஜையும் சுவர்க் கடிகாரமும் தெரியும்படி செல்போனை அலமாரியில் சாய்த்து, வீடியோவை ஓடவிட்டுப் போனாள். மாலையில் மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தாள்.

2:20... காலி மேஜை.

2:29... கர்ர்ர். நாற்காலி நகரும் சத்தம்.

2:31...

ஒருத்தி வந்தாள். பச்சைச் சுடிதார். ஒற்றைப் பின்னல். உட்கார்ந்து எழுதினாள்.

அக்காவேதான்.

2:34. எழுந்தாள். போனைப் பார்த்து... சிரித்தாள்.

மாமா வெடித்தார். "நீயே எழுதிட்டு என்னைச் சந்தேகப்பட்டியா?"

"2:31க்கு நான் ஸ்கூல் வாசல்ல கையெழுத்துப் போட்டுட்டு நிக்கிறேங்க!"

இப்போது அவருக்குச் சந்தேகம். மறுநாள் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வாசல் பதிவேட்டைப் புரட்டினார். அக்காவின் கையெழுத்து. மணி 2:31.

வாட்ச்மேன் கேட்டார். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"ஏன்?"

"நேத்து பாப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டு, 2:44க்குத் திரும்ப வந்து பாப்பாவைக் கேட்டாங்க. இப்பதானே கூட்டிட்டுப் போனீங்கன்னேன். 'அப்ப நாளைக்குச் சீக்கிரமே வர்றேன்'னு சொல்லிட்டுப் போனாங்க..."

மாமா வகுப்புக்கே ஓடிப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்றே எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அக்கா ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள். தேர்வு நாள் முழுக்கப் பாப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. நானும் கூடவே இருந்தேன்.

போன வாரம் ரிசல்ட் வந்தது.

அவள் பெயர். அவள் போட்டோ.

தேர்ச்சி.