படகில் கொண்டுபோன விளக்கு

ஆறு பேர் போகிற பாய்மரப் படகில் சோறு கிடைக்காது என்று தங்கை முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதனால் என் பெட்டியில் பாதிக்கு மேல் சாப்பாட்டுச் சாமான்தான். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், இரண்டு டப்பா சீடை. இவற்றுக்கு நடுவில் சேலை மடிப்புக்குள் ஒரு சின்னப் பித்தளைச் சம்புடம். அதற்குள் ஓர் அகல்விளக்கு. விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னவர்கள் ஊறுகாயைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அது திருக்கோஷ்டியூர் தெப்பக்குளக் கரையில் எடுத்த விளக்கு. மாசித் தெப்பத்தின்போது குளத்தைச் சுற்றிப் படிக்கட்டெல்லாம் விளக்காக இருக்கும். மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு, யாரோ ஏற்றிவைத்த விளக்கில் ஒன்றை எடுத்துவந்து, ஒரு காசும் துளசியும் போட்டுச் சம்புடத்தில் மூடி, சாமி இடத்தில் வைத்துக் கும்பிட வேண்டும். நினைத்தது நடந்தால் இன்னொரு மாசியில் அந்த விளக்கோடு புதிதாக ஒன்றும் கொண்டுபோய்க் கரையில் ஏற்றிவிட்டு வர வேண்டும். வேண்டுதல் இருக்கிற வேறு யாராவது அதை எடுத்துப் போவார்கள். என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது.

வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டியதைக் கடல் தாண்டித் தூக்கிப் போகலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நான் இல்லாதப்ப நீங்களா கும்பிடப் போறீக? பேசாம இருங்க" என்றேன்.

நான் சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். தினமும் காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். கையெழுத்து வேண்டுமென்றால் அந்த மேசையை விட்டு நகரக் கூடாது. இன்றைக்குப் போய் நாளைக்கு வாம்மா என்பார்கள். நகரக் கூடாது. தங்கையிடமும் அப்படி உட்காரத்தான் போனேன். அவளைக் காரைக்குடிக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தும் தீவுகளும் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அவள் என்னைவிட எட்டு வயது இளையவள். அம்மா போனபிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான்தான். படித்து முடித்து, அங்கே ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போனவள் அப்படியே தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவாள், பத்து நாள் இருப்பாள், சொந்தக்காரர்கள் வாயில் விழுந்து எழுந்து போவாள். கணையத்தில் கட்டி என்று தெரிந்து, வைத்தியம் பார்த்து, இனி மருந்து கொடுத்தால் உடம்பைத்தான் படுத்தும் என்று டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இதையெல்லாம் அவள் போனில் பஸ் நேரம் சொல்வதைப் போலச் சொன்னாள். பிறகு, "ஆனி மாசம் படகுல போறேன். நீயும் வாக்கா. எடம் பிடிச்சுட்டேன்" என்றாள்.

மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தில் படகு நின்றது. அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள்தான் அதை ஓட்டுகிறவர். அவர் கணவர் சமையல். எங்களைத் தவிர இரண்டு தம்பதிகள், அவ்வளவுதான் கூட்டம். படகுக்காரம்மா என் தங்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. உள்ளே குவளைகள் மாட்டியிருந்த வரிசையில் ஒரு நீலக் குவளையை எடுத்து அவளிடம் நீட்டினார். அது அவளுடைய குவளையாம். ஒன்பது கோடையாக அதே படகில் அவள் போய் வருகிறாள். எனக்கு அது அங்கே போய்த்தான் தெரிந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறு எரிந்தது.

முதல் இரண்டு நாள் நான் எழுந்திருக்கவே இல்லை. ரயில் பெர்த் மாதிரி மேலே ஒன்று கீழே ஒன்றாகப் படுக்கை. கீழே கிடந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். நோயாளியைப் பார்க்கப் போனவளுக்கு நோயாளி வாளி பிடித்தாள். "பெருமாளே, என்னைக் கரையில எறக்கி விட்டுரு" என்று நான் புலம்ப, அவள் என் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். அவள் மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் அளவுக்கு இளைத்திருந்தது.

மூன்றாம் நாள் மேலே ஏறி வந்தேன். அந்தப் படகில் சும்மா உட்கார முடியாது, வந்தவர்கள் எல்லாரும் கயிறு இழுக்க வேண்டும். தேர் வடம் பிடித்த கை என்பதால் நான் நன்றாகவே இழுத்தேன். பாய் மேலே ஏறியதும் இயந்திரச் சத்தத்தை நிறுத்தினார்கள். தங்கை சுக்கானைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குளிரில் மூக்கு சிவந்து, முடி கொட்டிய தலையில் கம்பளிக் குல்லாய். படகுக்காரம்மா ஏதோ சொல்ல, வாயைத் திறந்து பெரிதாகச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இவர்களிடம் சிரிக்கிறாளே என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது. எனக்குப் புத்தி அப்படி.

அன்று சாயங்காலம் ஊறுகாயைத் தேடி என் பெட்டியைக் கிளறியவள் சம்புடத்தைக் கையில் எடுத்துவிட்டாள். திறந்து பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளும் அந்தக் குளக்கரையில் விளக்கு எடுத்து வளர்ந்தவள்தானே.

"எனக்காகவா?" என்றாள்.

நான் ஊறுகாய் டப்பாவைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"என்னத்தக் கேட்டக்கா? நான் பொழைக்கணும்னா, ஊருக்கு வரணும்னா?"

"அதச் சொல்லக் கூடாதுடி."

"ஊருக்கு வரணும்னுதான் கேட்டிருப்ப. எனக்குத் தெரியும்."

"ரெண்டும் ஒண்ணுதான். ஊருக்கு வந்தாத்தான நல்லா இருப்ப?"

அதை நான் வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். நம் வீட்டுச் சோறு, நம் தண்ணீர், பக்கத்தில் நான். இதற்கு மேல் என்ன மருந்து வேண்டும் என்று நினைத்தேன். அவள் சம்புடத்தை மூடி, நான் வைத்திருந்த மாதிரியே சேலை மடிப்புக்குள் வைத்தாள்.

மறுநாள் ஆளே இல்லாத ஒரு தீவில் இறங்கினோம். ரப்பர் படகில் இரண்டு இரண்டு பேராகக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். பச்சைச் சரிவில் கூரை போன கல்வீடுகள் வரிசையாக நின்றன. மஞ்சளும் சிவப்புமாக மூக்கு வைத்த குட்டைப் பறவைகள் வளையில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின. பாதிச் சரிவிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"இங்குட்டு உக்காருக்கா" என்று ஒரு வீட்டு வாசல்கல்லைக் காட்டினாள். உட்கார்ந்தோம்.

"இங்க இருந்தவக ஒருத்தர் விடாமக் கெளம்பிட்டாக. இனி இருக்க முடியாதுன்னு அவகளாத்தான் போனாக. யாரும் கையப் பிடிச்சு இழுக்கல."

"எதுக்கு இப்ப அந்தக் கதை?"

அப்போதுதான் சொன்னாள். கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒரு விடுதி இருக்கிறதாம். ஜன்னலைத் திறந்தால் கடல். பேர் கொடுத்துவிட்டாள். எல்லாம் முடிந்தபிறகு படகுக்காரம்மா சாம்பலை இந்தத் தீவுப் பக்கம் கொண்டுவந்து கரைத்துவிடுவார். பேசி வைத்தாயிற்று.

"நீ வந்து ஒரு மாசம் கூட இரு அக்கா. அது போதும் எனக்கு" என்றாள்.

"கூடப் பொறந்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அனாதப் பொணமாப் போவியா? நாளைக்கு ஊருல நாலு பேரு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று கத்தினேன். பறவைகள் பறந்தன. கீழே நின்ற தம்பதிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் சாகப் போவதைப் பற்றி என்னிடம் சொல்கிறாள். நான் ஊர் கேட்குமே என்கிறேன். அந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க முடியுமா என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும் என்பார்கள். மீதியிருந்த மூன்று நாளும் நான் கரைத்தேன். அழுதேன். அம்மா பேரை இழுத்தேன். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். படகுக்காரம்மா ஒரு தட்டில் ரொட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு, மெதுவான இங்கிலீஷில், "அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்களா?" என்றார். புரியாததுபோலத் தலையை ஆட்டினேன். நன்றாகவே புரிந்தது.

கடைசி நாள் துறைமுகம் கண்ணில் தெரிந்தபோது தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சரிக்கா, ஊருக்கு வாரேன்" என்றாள். நான் அவள் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்தச் சந்தோஷத்தைப் போல ஒரு சந்தோஷம் என் வாழ்க்கையில் வந்ததில்லை. கீழே போய்ச் சம்புடத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நீலக் குவளையைப் படகுக்காரம்மா காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுத்தார். அடுத்த கோடைக்கு அது அங்கே வேண்டியிருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆடியில் காரைக்குடிக்கு வந்து சேர்ந்தாள். காற்றோட்டமான அறையைத்தான் கொடுத்தேன். ஆனாலும் அவளுக்கு அந்த வெக்கை தாங்கவில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு, ஈரத் துண்டு போட்டுக்கொண்டு கிடந்தாள். பார்க்க வருகிற கூட்டம் ஓயவில்லை. ஒருத்தர் கீழாநெல்லி கொண்டுவந்தார். ஒருத்தர் காலாகாலத்தில் கல்யாணம் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டு எழுந்து போனார். தினமும் காலை பத்து மணி வாக்கில் போனைக் காதோரம் வைத்துக்கொள்வாள். அந்தத் தீவுப் பக்கம் காற்று எப்படி, அலை எப்படி என்று அந்த ஊர் ரேடியோவில் ஒரு குரல் நிதானமாக வாசிக்கும். அது முடிகிறவரை கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

"ஒரு தடவ தொண்டிக்குக் கூட்டிட்டுப் போக்கா. கடலப் பாத்துட்டு வந்துருவோம்" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தேறட்டும்டி" என்றேன்.

தேவகோட்டை வழியாகப் போனால் கார் ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். ஆவணியில் கேட்டாள். புரட்டாசியில் இன்னொருமுறை கேட்டாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் என்னைக் கூட்டி வந்தாய் என்றும் ஒருநாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஐப்பசியில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் போய்விட்டாள். சாம்பலைத் தொண்டிக் கடலில் கரைத்தோம். அன்றைக்குக் கார் கிடைத்தது, எல்லாருக்கும் நேரமும் கிடைத்தது.

சம்புடம் சாமி இடத்திலேயே இருந்தது. துக்கம் கழியட்டும் என்று ஒரு மாசியைத் தள்ளிப் போட்டேன். அடுத்த வருடம் தை பிறந்ததும் வீட்டுக்காரர், "அந்த வெளக்க என்ன செய்யப் போற? நடக்காத வேண்டுதலுக்கு அதை வீட்டுல வச்சிருந்து என்ன?" என்றார். அவரிடம் நான் என்ன கேட்டேன் என்று சொல்லவில்லை. தங்கச்சி ஊருக்கு வந்து சேரணும், இவ்வளவுதான் கேட்டேன். வந்து சேர்ந்தாள். பெருமாள் பேரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நடந்த வேண்டுதலுக்கு விளக்கைத் திருப்பி வைத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த மாசியில் பழைய விளக்கும் புது விளக்குமாகத் திருக்கோஷ்டியூர் போனேன். நல்ல கூட்டம். படியில் இடம் பிடித்து இரண்டையும் ஏற்றினேன். காற்றுக்கு அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும்.

"ரெண்டு வெளக்கு வச்சிருக்கீக. வேண்டுதல் பலிச்சிருச்சாக்கா?"

"ம். பலிச்சிருச்சு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இந்தப் பழைய வெளக்க நான் எடுத்துக்கிறட்டா? பலிச்ச வெளக்கு. என் மகன் வெளிநாட்டுல கெடக்கான். கூப்புட்டா வர மாட்டேங்குறான்."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எடுத்துக்கொள்வதற்காகத்தான் அங்கே வைப்பது. அவள் கையை நீட்டியபோது அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் நல்லா இருக்கணும்னு மட்டும் கேளும்மா. எங்க இருக்கணும்னு கேக்காத" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே விளக்கை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"என்னக்கா நீங்க. ஊருக்கு வந்தாத்தான நல்லா இருப்பான்?"