அம்புறோஸின் ஒன்பது நிமிடம்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு என்னை நல்லவள் என்று நம்பி யாரும் ஏமாறக் கூடாது. மன்னார் நகரில் மீனவர் சங்கங்கள் சேர்ந்த எங்கள் சமாசத்தின் கந்தோரில் பதினாறு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன். பார்வை இல்லாத ஒருவர் தொலைபேசி வேலைக்கு வரப்போகிறார் என்று மனேச்சர் மில்ரன் சேர் சொன்னபோது, "அப்ப அவருக்கும் சேர்த்து நான்தான் ஓட வேணும்" என்று முகத்துக்கு நேரே சொன்னவள் நான்.

வந்தவர் அம்புறோஸ். தோட்டவெளி ஆள், வயது முப்பத்தெட்டு. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்த காலத்தில், பன்னிரண்டு வயதில், கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டது. ஊர் திரும்பிய பிறகு அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தார். போன வருடம்தான் வவுனியாவில் ஒரு பயிற்சி நிலையத்தில் தொலைபேசி வேலையும் கணினியும் படித்தார். மாதச் சம்பளத்துக்கு அவர் பார்க்கும் முதல் வேலை இது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவெடுப்போம் என்று சமாசம் சொல்லியிருந்தது.

வேலை கடினமானதல்ல. காலை எட்டு மணிக்குக் காற்று, கடல் பற்றிய அறிவித்தல் மின்னஞ்சலில் வரும். அதைக் கேட்பதற்காகச் சங்கங்களில் இருந்து ஆட்கள் எங்களுக்குப் போன் அடிப்பார்கள். பயிற்சி நிலையம் கொடுத்தனுப்பிய அம்புறோஸின் மடிக்கணினியில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் புரோகிராம் ஒன்று இருந்தது. திறந்தவுடன் கடைசியாக வந்த மடலை அது தானாகவே வாசிக்கும்படி வைத்திருந்தார். காதுக்குள் கேட்டுக்கொண்டு, வாயால் மற்றவருக்குச் சொல்வார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குரல் வர ஒன்பது நிமிடம் ஆகும். நமக்கென்றால் திரையில் ஏதாவது தெரியும். அவருக்குக் குரல் வரும்வரை மெசின் உயிரோடு இருக்கிறதா செத்துவிட்டதா என்றே தெரியாது. கதிரையில் நேராக இருந்து, செபமாலையை உருட்டிக்கொண்டு காத்திருப்பார். போன் அடித்துக்கொண்டே இருக்கும். நான் எழுந்து போய் எடுப்பேன். பற்றறி செத்த பழைய மெசின் என்பதால் கரண்ட் போய் வந்தால் மறுபடியும் ஒன்பது நிமிடம். சில நாட்கள் இரண்டு தடவை போகும்.

"மெசின் கொஞ்சம் சுணங்குது போல கிடக்கு அக்கா" என்றார் ஒருநாள்.

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். மனதுக்குள்தான் சொன்னேனா, முணுமுணுத்தேனா என்பது இப்போது நினைவில்லை.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. கடற்காற்றின் உப்பு என்றார் மில்ரன் சேர், துடைத்தோம். கரண்ட் குறைவு என்றார் கரண்ட் வேலைக்கு வந்தவர். வேறு இடத்தில் செருகினோம். வைரஸ் என்றார் கணினிக் கடைக்காரர். தேடினோம், ஒன்றும் இல்லை. தீர்த்தம் தெளித்துப் பார்ப்போமா என்று நான் பகிடியாகக் கேட்க, "கீபோட்டில படாமல் தெளியுங்கோ" என்றார் அம்புறோஸ்.

கடைசியில் மெசினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வவுனியாவுக்கே போனார். அங்கே அவருக்குப் படிப்பித்த தக்சிகா மிஸ்ஸின் மேசையில் வைத்துத் திறந்தால், அவர் செருமி முடிப்பதற்குள் பேசிவிட்டதாம். "நல்லாத்தானே இருக்கு" என்று மிஸ் அனுப்பிவிட்டார். மறுநாள் கந்தோரில் அதே ஒன்பது நிமிடம். டொக்டரைக் கண்டவுடன் காய்ச்சல் விட்டுவிடும் பிள்ளையைப் போல, அந்த மெசின் மன்னார்ப் பாலத்தைத் தாண்டினால் சுகம், திரும்பி வந்தால் வருத்தம். என் தலை சுற்றியது.

"அங்க கெதியா ஓடுது. அப்ப பிழை என்னிலதானோ தெரியேல்ல" என்றார் அம்புறோஸ். எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, அவரைப் பற்றி ஒரு பக்கம் அபிப்பிராயம் எழுதித் தரும்படி மில்ரன் சேர் கேட்டார். வெள்ளிக்கிழமை முடிவு. நான் பதினைந்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். பொய் எழுதவில்லை. கண்டதைத்தான் எழுதினேன்.

புதன்கிழமை காலை, மெசினைத் திறந்துவிட்டுக் காத்திருந்த அம்புறோஸ் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒருக்கா இஞ்ச வாறீங்களோ? மெசினில இந்த மூலையில கையை வையுங்கோ."

வைத்தேன். உள்ளே கிறுக் என்று ஒரு சின்ன அதிர்வு.

"இப்ப நான் ஒரு மந்திரம் சொல்லுறன்" என்று, "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கி முழுவதும் சொன்னார். ஆமென் என்றதும் கையின் கீழே மறுபடி கிறுக். அடுத்த மணி, அடுத்த மந்திரம், ஆமென், கிறுக். எனக்கு மேல் கூசியது.

"ஒவ்வொரு நாளும் எண்ணிப் பாத்தனான். குரல் வரும்வரைக்கும் செபமாலையில நாலு பத்தும் ஒரு மணியும். நாப்பத்தொண்டு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"அதுக்கு என்ன தம்பி?"

"வேலை செய்து சுணங்கிற ஆள் ஒருநாள் கூடச் சுணங்கும், ஒருநாள் குறையச் சுணங்கும். இது ஒரே அளவு. ஆளில்லாத வீட்டுக்குப் போன் எடுத்தால் எப்பவும் ஒரே அளவுக்கு அடிச்சுப்போட்டுத்தானே நிக்கும்? இது ஆரையோ கூப்பிடுது அக்கா. நாப்பத்தொரு தரம் கூப்பிடுது. அங்க ஆளில்லை."

தக்சிகா மிஸ்ஸுக்குப் போன் போட்டு, இதை அப்படியே சொன்னார். மிஸ் "ஐயோ" என்றது எனக்கே கேட்டது.

மிஸ் சொன்னதில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான். அந்தப் புரோகிராம் ஒரே துண்டு அல்ல. திறக்கும்போது லைப்ரறி என்று சொல்லப்படும் சின்னச் சின்னப் பாகங்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளும்: குரலுக்கு ஒன்று, தமிழ் எழுத்துக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என்று நாற்பத்தொன்று. பயிற்சி நிலையத்தில் பத்து மெசின்கள். ஒவ்வொன்றாகப் புதுப்பிக்கப் பஞ்சிப்பட்டு, பாகங்களைப் பக்கத்து அறைப் பெரிய கணினியில் வைத்து, "முதலில் அங்கே கேள், கிடைக்காவிட்டால் உன்னிடமே தேடு" என்று எல்லா மெசினுக்கும் எழுதிவைத்திருந்தார்கள். அங்கே பெரிய கணினி உடனே கொடுத்துவிடும். மன்னாரில் அது ஏது? மிளகாய்த்தூளைத் தன் குசினியிலேயே வைத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டைப் போய்த் தட்டும் மனுசியைப் போல, இது ஒவ்வொரு பாகத்துக்கும் தட்டி, காத்திருந்து, அலுத்துத் திரும்பி வந்து, தன்னிடம் இருந்ததையே எடுத்திருக்கிறது.

மேடை கோணல்தான்.

மிஸ் சொல்லச் சொல்ல அம்புறோஸே தட்டி, அந்த முதல் வரியை அழித்தார். சேமித்த கையோடு கரண்ட் போனது. பின்னேரம் வரை வரவில்லை. எனக்கு அந்தத் திங்கட்கிழமைப் பக்கம் நினைவுக்கு வந்தது. மில்ரன் சேர் கூட்டத்துக்குக் கொழும்பு போயிருந்தார். போனில் சொல்லியிருக்கலாம். நாளைக்கு நேரிலே சொல்வோம் என்று விட்டுவிட்டேன். பொறுமை இல்லாதவளுக்கு அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ பொறுமை வந்தது.

வியாழன் காலை எட்டுக்கு முன்பே வந்தோம். அம்புறோஸ் சுவிச்சைப் போட்டார், பையைக் கொழுவினார், வழக்கப்படி செபமாலையை எடுத்தார். காதில் போடும் வயர் இன்னும் பைக்குள்தான். ஒன்பது நிமிடம் இருக்கிறதே என்ற பழக்கம். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மணியையே அவர் முடிக்கவில்லை.

"அனுப்பியவர், மில்ரன்" என்றது மெசின், கந்தோர் முழுக்கக் கேட்கும்படி. "உமது வேலை பற்றிய அபிப்பிராயம் கீழே. உமக்கு ஏதும் சொல்ல இருந்தால் நாளைக்குள் எழுதவும். காலை வேளைகளில் இவர் மிகவும் மந்தம். போன் அடித்தாலும் எடுக்காமல் கதிரையில் இருந்து செபமாலை உருட்டுகிறார். இந்த வேலைக்கு ஏற்றவர் அல்ல. றஞ்சிதா, எழுதுவினைஞர்."

என் பெயரை அந்த இரும்புக் குரலில் கேட்க நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. மில்ரன் சேர் நீதியான மனிதர். ஒருவரைப் பற்றி எழுதியதை அவருக்குக் காட்டாமல் முடிவெடுக்க மாட்டார் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அம்புறோஸ் திரும்பவில்லை. போன் அடித்தது. பழக்கத்தில் நான் கையை நீட்டுவதற்குள் அவர் எடுத்துவிட்டார். "ஓம், சொல்லுங்கோ. எட்டு மணி அறிவித்தல் இப்பதான் வருது, லைனில நில்லுங்கோ." வயரைக் காதில் செருகிக்கொண்டு காற்றின் வேகத்தைச் சொல்லத் தொடங்கினார். அன்று முழுவதும் ஒரு போனையும் நான் எடுக்கவில்லை. எடுக்க இடமே கிடைக்கவில்லை.

அன்று பின்னேரம் மில்ரன் சேர் கொழும்பிலிருந்து வந்து இறங்கியதும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கேட்டேன். "பைலுக்குள்ள போனதைக் கிழிக்கேலாது. வேணுமெண்டால் இன்னொண்டு எழுதும்" என்றார். எழுதினேன். இந்தத் தடவை ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்புறோஸின் கையில் நிரந்தர நியமனக் கடிதத்தைக் கொடுத்தார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, நான் அப்பிடி எழுதியிருக்கக் கூடாது."

"நீங்கள் கண்டதைத்தானே எழுதினீங்கள் அக்கா" என்றார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையால் ஒருதரம் தட்டிப் பார்த்தார். "மூண்டு மாசமா நானும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தனான். நான்தான் மந்தம் எண்டு."