குளிர்த்தித் தண்ணீர்

சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நின்றிருந்த புற்றுக்கட்டியை எடுத்துவிட்டோம் என்று டொக்டர் சொன்ன அன்றிலிருந்து, யார் கேட்டாலும் "சுகமாயிட்டு" என்பேன். அது திரும்பி வரலாம், வந்தால் ஆழமாக இறங்கவும் கூடும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது காதில் ஏறவேயில்லை. செட்டிபாளையத்துக் கண்ணகி அம்மனுக்கு நேர்த்திக்கடன் கொடுத்ததோடு கிளினிக்கை விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் அம்மன் கோயில் சடங்கின்போது சிறுநீர் மறுபடி சிவந்தது.

"நேத்தி குடுத்தும் வந்திட்டு. இனி ஆஸ்பத்திரிக்குப் போய் என்னத்துக்கு?" என்றேன் மனைவியிடம். கோயிலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடித் தெளித்த தண்ணீர் தலையில் இன்னும் காயவில்லை.

அவள் நின்றாள். "இஞ்சருங்க, போன வருசமும் குளிர்த்தி பாடினதுதானே. அம்மன்ட கோவம் ஆறிட்டெண்டு ஆரும் இந்த வருசம் பாடாம விட்டாங்களா?"

மறுநாளே கிளினிக்குக்குப் போனேன். கட்டி உள்தோலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியிருந்தது. தசையை இன்னும் தொடவில்லை என்றார் டொக்டர். மறுபடி எடுத்தார்கள், மருந்தும் ஏற்றினார்கள்.

இப்போது எந்தக் கிளினிக் தவணையும் தவறுவதில்லை. சுகமா என்று கேட்பவர்களிடம், "இந்தமுறை பாத்ததில இல்ல" என்று மட்டும் சொல்கிறேன்.